முள் உச்சியிலேயே நின்றபோது

என் பழைய டீசல் ஜீப்பில் ஆயில் பிரஷர் முள் திடீரென உச்சிக்குப் போய் நின்றது. ஆயில் பிரஷர் அளவுக்கு மீறினால் திறந்து குறைக்கும் ரிலீஃப் வால்வு சிக்கிக்கொண்டதோ என்று பயந்துபோனேன். அப்புறம்தான் கவனித்தேன்: இன்ஜினை ஓடவிடாமல் சாவியை மட்டும் ஆன் செய்தாலும் முள் அங்கேயே நிற்கிறது. ஓடாத இன்ஜினில் பிரஷர் ஏது?

இந்த மீட்டரில் பிரஷர் ஏற ஏற சென்சாரின் ரெசிஸ்டன்ஸும் ஏறும், சுமார் 10 ஓமிலிருந்து 180 வரை. இணைப்பு அறுந்தால் முள் உச்சிதான். (சில வண்டிகளில் இது நேர்மாறு.) சென்சார் ஒயரைக் கழற்றி எர்த்தான இன்ஜின் பிளாக்கில் தொட்டேன், ரெசிஸ்டன்ஸ் இல்லாததால் முள் பூஜ்யத்துக்கு இறங்கியது. சரி, ஒயர் நன்றாக இருக்கிறது, சென்சார்தான் போய்விட்டது.

புதியதை மாட்டுமுன் அதே துளையில் மெக்கானிக்கல் கேஜ் (மின்சாரம் இல்லாமல் பிரஷரை நேரடியாகக் காட்டும் மீட்டர்) வைத்துப் பார்த்தேன். சூடான ஐடிலிங்கில் 1.5 பார். நிம்மதி. புதிய சென்சாரை மாட்டும்போது மரையில் டெஃப்லான் டேப் சுற்றவில்லை. சென்சாருக்கு எர்த்தே அந்த மரை வழியாகத்தான், டேப் அதைத் தடுத்துவிடலாம்.