பழைய இரட்டைக்குழாய் ஸ்கூபா கருவி: தண்ணீரில் இறங்கும் முன்னும் ஏறிய பின்னும்

வேலூரிலிருந்து கடல் ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தள்ளி இருப்பதால், நீருக்கடியில் மூச்சுவிட உதவும் பழைய ஸ்கூபா கருவி கைக்கு வந்ததும் ஏதாவதொரு விவசாயக் கிணற்றில் இறங்கிப் பார்க்கும் ஆசை எழுவது இயல்பு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்; மோட்டார் வயரும் கயிறும் தொங்கும் குறுகிய கிணற்றில் சிக்கிக்கொண்டால் உதவிக்கு ஆள் இறங்குவதே கடினம்.

முதலில் சிலிண்டர். எஃகுச் சிலிண்டரின் உள்ளே ஈரம் தங்கித் துருப்பிடித்தால், அந்தத் துரு காற்றிலுள்ள ஆக்சிஜனை உண்டுவிடும். அழுத்தம் சரியாக இருந்தாலும் அந்தக் காற்று உயிரைக் காக்காது. எனவே பழைய காற்றைச் சுவாசித்துப் பார்க்காமல், உரிமம் பெற்ற சோதனை நிலையத்தில் உட்புறத்தைப் பார்க்கச் சொல்லி, நீரழுத்தச் சோதனையும் முடித்த பிறகே நிரப்புங்கள். 6351 அலுமினியக் கலவைச் சிலிண்டர்களின் கழுத்தில் விரிசல் விட்டதுண்டு என்பதால், அவற்றை ஒதுக்கிவிடுவதே என் முடிவு.

அடுத்து, சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்துச் சுவாசிக்கத் தரும் ரெகுலேட்டர். பிரான்ஸைச் சேர்ந்த குஸ்தோவும் காக்னானும் 1943-இல் உருவாக்கிய வகையில் இரண்டு நெளிகுழாய்கள் வாய்ப்பகுதிக்கு வரும். குழாயை மெல்ல இழுத்து வெளிச்சத்தில் பிடித்து, நெளிவுகளுக்கு இடையே மயிரிழை விரிசல் தெரிகிறதா என்று பாருங்கள். தகரக் கூரையின் கீழ் பரணில் நம் ஊர் வெயிலைத் தாங்கிய ரப்பர் பெரும்பாலும் மாற்ற வேண்டியதாகவே இருக்கும். பித்தளையில் ஏறிய பச்சைக் களிம்பைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் குரோம் பூச்சு போய்விடும். நீர் கலந்த வினிகரில் சிறிது நேரம் ஊறவைத்து, மென்மையான பிரஷால் துடைத்தால் போதும். தேங்காய் எண்ணெயோ சாதாரண கிரீஸோ தடவாதீர்கள். காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளுக்குச் சிலிகோன் கிரீஸ் மட்டுமே. உட்பகுதிகளைப் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

பழைய கருவிகள் பலவற்றில் அழுத்தமானி இருக்காது. சுவாசம் இறுகியதும் சிலிண்டர் வால்வோடு இணைந்த கம்பியைக் கீழே இழுத்து, மிச்சக் காற்றைத் திறந்து, மேலேறுவார்கள். அந்தக் கம்பி எதிலாவது பட்டு முன்பே இறங்கியிருந்தால் எச்சரிக்கையே வராது. ஆகவே அழுத்தமானி பொருத்தாமல் இறங்காதீர்கள்.

பிறகு பயிற்றுநருடன் நீச்சல் குளத்தில் பழகுங்கள். ரெகுலேட்டர் முதுகில் இருப்பதால், குப்புற நீந்தும்போது மூச்சிழுப்பது சற்றுக் கடினமாகும். வாய்ப்பகுதியைத் தலைக்கு மேலே தூக்கினால் காற்று தானாகப் பீறிடும். மேலேறும்போது ஒருபோதும் மூச்சை அடக்காதீர்கள். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் வேண்டாம்.

வெளியே வந்ததும், சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டருக்குள் காற்று நுழையும் வாயை மூடியால் அடைத்துவிட்டு, நல்ல தண்ணீரில் அலசுங்கள். உப்பு மிகுந்த போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் படிவு நிற்கும். குழாய்களை நிழலில் தொங்கவிட்டு, ஈரம் புகாதபடி சிலிண்டரில் சிறிதளவு அழுத்தம் விட்டு வையுங்கள்.