ட்யூபுலர் ரிம்மிலிருந்து பழைய பசையை எடுப்பது எப்படி?

ட்யூபை உள்ளே வைத்துத் தைத்து, ரிம்மில் பசையால் ஒட்டும் சைக்கிள் டயர்தான் ட்யூபுலர். அந்த டயரைக் கழற்றியதும் ரிம்மின் குழிவில் விரலை ஓட்டிப் பாருங்கள். பழைய பசை மெல்லியதாக, சமமாக, இறுகப் பிடித்திருந்தால் அதை எடுக்கவே வேண்டாம், அதன் மேலேயே புதுப் பூச்சு போடலாம். கட்டி கட்டியாக இருந்தாலோ, செதில் செதிலாக உதிர்ந்தாலோ, என்ன பசை என்றே தெரியாத பழைய சக்கரம் என்றாலோ முழுக்க எடுத்துவிடுங்கள். ட்யூபுலர் டயரை ரிம்மில் நிறுத்துவது காற்றழுத்தமும் இந்தப் பசையும்தான். வளைவில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றால் ஆளும் விழுவார், சோம்பல் பார்க்காதீர்கள்.

அடுத்து, ரிம் அலுமினியமா, கார்பன் ஃபைபரா? அலுமினியம் என்றால் அசிட்டோன் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஹீட் கன்னும் (சூடான காற்றை ஊதும் கருவி) காட்டலாம், ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் அல்ல. கார்பனில் ஹீட் கன், உலோகச் சுரண்டி, பெயின்ட் ரிமூவர் மூன்றும் கூடவே கூடாது. பெயின்ட் ரிமூவர் கார்பனைப் பிணைத்திருக்கும் எபாக்ஸியையே தின்றுவிடும். எந்தக் கரைப்பானுக்கு அனுமதி என்று ரிம் தயாரிப்பாளரின் குறிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அனுமதி இருந்தாலும் துணியில் தொட்டுத் துடைப்பதோடு சரி, ஊற வைக்கக் கூடாது.

பிரேக் பிடிக்கும் பக்கச்சுவர் இருந்தால் இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. மெல்லிய நைட்ரைல் கையுறை அசிட்டோனுக்குத் தாங்காது. பியூட்டைல் ரப்பர் கையுறைதான் சரி.

கரைப்பானை உடனே திறக்காதீர்கள். முதலில் பிளாஸ்டிக் டயர் லீவரால் (டயரைக் கழற்றும் நெம்புகோல்) கட்டிகளை நெம்பி எடுங்கள். பிசுபிசுப்பான பழைய பசையைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் உருண்டையாகத் திரளும். அந்த உருண்டையையே ரிம்மில் ஒற்றி ஒற்றி எடுத்தால் மீதியும் அதோடு ஒட்டிக்கொண்டு வரும். பாதி வேலை இப்படியே முடிந்துவிடும். டிரில்லில் மாட்டும் கம்பி பிரஷ் எனக்குப் பிடிக்காது. அலுமினியத்தைக் கீறும், பசை முகத்தில் தெறிக்கும்.

பலரும் திணறுவது அடுத்த கட்டத்தில்தான். அசிட்டோன் துணியால் ரிம்மைச் சுற்றிச் சுற்றித் துடைத்தால், கரைந்த பசை பழுப்பு நிறத்தில் எல்லா இடத்திலும் பரவும். அசிட்டோன் நொடியில் ஆவியாகிவிட, பசை அப்படியே மறுபடி படியும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அதனால் இரண்டு ஸ்போக்குகளுக்கு நடுவே உள்ள துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அலுமினியம் என்றால் நனைத்த துணிப்பட்டையை அங்கே வைத்து, மேலே சமையலறை பிளாஸ்டிக் உறையைச் சுற்றிச் சில நிமிடம் விடுங்கள். பசை கூழாகிவிடும். லீவரால் வழித்து, சுத்தமான துணியால் ஒரே திசையில் ஒரு இழுப்பு. துணியை மடித்துப் புதுப் பக்கத்தால் இன்னொரு இழுப்பு. அழுக்கான பக்கத்தை மறுபடி ரிம்மில் வைக்கவே கூடாது. அப்புறம் அடுத்த துண்டு.

சக்கரத்தை நிறுத்தி வைத்து, உச்சியில் அல்லாமல் பக்கவாட்டில் வேலை செய்யுங்கள். உச்சியில் செய்தால் ஸ்போக் துளைகள் வழியாகக் கரைசல் ரிம்முக்குள் இறங்கிவிடும். துளை விளிம்பில் இருக்கும் பசைக்குப் பல் குத்தும் குச்சி போதும்.

சிட்ரஸ் கிளீனர் மணமாக இருக்கும், மெதுவாகவும் வேலை செய்யும். ஆனால் எண்ணெய்ப் படலம் விட்டுப்போகும். அதைப் பயன்படுத்தினால் கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் புதுப் பசை பிடிக்காது. லேசான கறை இருந்தால் பரவாயில்லை. தொட்டால் ஒட்டாமல், வெள்ளைத் துணியில் எதுவும் வராமல் இருந்தால் ரிம் தயார்.

பின்சேர்க்கை: டயரின் அடிப்பட்டையில் இருக்கும் பசையையும் இப்படியே எடுக்கலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கூடாது. அந்தப் பட்டையை டயரோடு ஒட்டியிருக்கும் பசையும் சேர்ந்து கரைந்து, பட்டை பிரிந்துவிடும். அங்கே துருத்தும் கட்டிகளை மட்டும் கையால் பிய்த்தால் போதும்.