பேனா இல்லாத மலையில் ஒரு தீக்குச்சி

மொரீஷியஸில் போர்ட் லூயிஸுக்கு அருகே 812 மீட்டர் உயரமுள்ள லெ பூஸ் மலைப்பாதையில், என் தம்பியும் நானும் ஜியோகேச்சிங் (பிறர் ஒளித்துவைத்த டப்பியை ஜி.பி.எஸ். துணையுடன் தேடும் விளையாட்டு) டப்பி ஒன்றைத் தேடிக் கண்டெடுத்தபோது, பெயர் எழுதப் பேனா இல்லை என்பது தெரிந்தது. இந்த விளையாட்டில் டப்பியைக் கண்டதற்குச் சான்று, அதனுள் இருக்கும் தாளில் இடும் கையெழுத்துதான். 2000 மே 3 அன்று அமெரிக்காவின் ஓரிகனில் இந்த விளையாட்டின் முதல் டப்பியாக வைக்கப்பட்ட வாளியில் குறிப்பேட்டோடு பென்சிலும் இருந்தது. எங்கள் கையில் இருந்ததோ கட்டைவிரல் பருமனுள்ள டப்பி, அதற்குள் ஒரு தாள்சுருள் மட்டுமே.

காலையில் கோவிலுக்குச் சென்ற பையில் குங்குமமும் தீப்பெட்டியும் இருந்தன. "குங்குமத்தைக் குழைத்து எழுதலாமே, அண்ணா" என்றான் தம்பி. ஈரம் பரவிப் பிறர் கையெழுத்துகளையும் சிவப்பாக்கிவிடும் என்பதால் நான் ஒப்பவில்லை. அந்தத் தாள் எங்களுடையது மட்டுமன்று. தீக்குச்சியைப் பாறைமேல் கொளுத்தி, பாதி எரிந்ததும் அணைத்து, தண்ணீர்ப் புட்டியின் மூடியில் தலைப்பகுதியை நனைத்து, தணல் இல்லை என்று உறுதிசெய்தபின், உலர்ந்த கரிப்பகுதியால் பெயரின் முதலெழுத்துகளையும் தேதியையும் எழுதினேன். கரி நீரில் கரையாது, ஆனால் உரசினால் உதிரும். ஆகவே அழுத்தாமல் மெல்லச் சுருட்டினேன். தாளைப் படமெடுத்து, டப்பியை வைத்தவருக்கும் அனுப்பினேன்.

இப்போது பையில் ஒரு துண்டுப் பென்சில் இருக்கிறது. பந்துமுனைப் பேனா வழுக்கும் ஈரத்தாளிலும் அது ஓரளவு எழுதுகிறது.