சிபிலிஸ் சார்ட்டுக்கு ஐசிடி-10-சிஎம் கோடு போடுவது எப்படி?

அமெரிக்க சார்ட்டுகளில் (நோயாளியின் மருத்துவக் குறிப்புகளில்) புதிதாக மெடிக்கல் கோடிங் செய்கிறவர்களுக்காக எழுதுகிறேன். சிபிலிஸ் பாலுறவால் பரவும் தொற்று, ஐசிடி-10-சிஎம் என்பது நோய்களுக்கான அமெரிக்கக் குறியீட்டுத் தொகுப்பு. அதன் இண்டெக்ஸ் (நோய்ப் பெயர் வரிசை), டேபுலர் லிஸ்ட் (கோடு வரிசை) இரண்டும் பார்க்கத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் நோயாளி யார் என்று பாருங்கள். தாயிடமிருந்து குழந்தைக்கு வந்தது என்றால் ஏ50. கர்ப்பிணி என்றால் ஓ98.11 வரிசைதான் முதலில், அதன் கடைசி இலக்கம் எந்த டிரைமெஸ்டர் (கர்ப்பத்தின் மும்மாதப் பகுதி) என்று காட்டும், ஏ கோடு அதற்கு அப்புறம்தான்.

அடுத்து நோயின் நிலை. முதல் புண் பிறப்புறுப்பில் இருந்தால் ஏ51.0, ஆசனவாயில் ஏ51.1, வாய் மாதிரி வேறு இடத்தில் ஏ51.2. இரண்டாம் நிலையில் முடி கொட்டினால் ஏ51.32. இதெல்லாம் சார்ட்டிலேயே தெளிவாக இருக்கும்.

சிக்கல் அறிகுறியே இல்லாத லேட்டன்ட் நிலையில்தான், எனக்கும் இது பிடிபட நாளானது. ஐசிடி கணக்கில் தொற்று வந்து 2 வருடத்துக்குள் என்றால் ஏ51.5 (ஏர்லி லேட்டன்ட்), அதற்கு மேல் ஏ52.8 (லேட் லேட்டன்ட்). ஆனால் அமெரிக்க டாக்டர்கள் பின்பற்றும் சிடிசி (அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம்) சிகிச்சை வழிகாட்டி அந்த எல்லையை 1 வருடத்திலேயே வைத்துவிடுகிறது! அதனால் தொற்று வந்து 18 மாதம் ஆனவரை டாக்டர் 'லேட் லேட்டன்ட்' என்று எழுதியிருப்பார், ஐசிடிப்படி அது இன்னும் ஏ51.5-இன் எல்லைக்குள். நீங்களாக முடிவு செய்யாதீர்கள், டாக்டருக்கு குவெரி (விளக்கம் கேட்கும் கேள்வி) அனுப்புங்கள். எப்போது வந்தது என்றே தெரியாது என்று எழுதியிருந்தால் ஏ53.0. வாரம் ஒன்றாக 3 பென்சிலின் ஊசி போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு ஏ52.8 போடவே கூடாது, ஏனென்றால் காலம் தெரியாதவர்களுக்கும் அதே 3 ஊசிதான்.

கருவி என்று கேட்டால், சிடிசி தளத்தில் இருக்கும் இலவசத் தேடல் கருவியையே சொல்வேன். அக்டோபர் 1-ஆம் தேதி புதுப் பதிப்பு வரும், சார்ட்டின் தேதிக்கு ஏற்ற வருடத்தை அதில் தேர்ந்தெடுக்கலாம். நோயின் பெயரை மட்டும் தேடி, முதலில் வரும் ஏ53.9-ஐ எடுத்துவிடாதீர்கள். சார்ட்டில் நிலை எதுவுமே இல்லாதபோது போடுகிற கோடு அது.

பிற்சேர்க்கை: ஆர்பிஆர் (சிபிலிஸுக்கான ரத்தப் பரிசோதனை) பாசிட்டிவ் என்று லேப் ரிப்போர்ட் மட்டும் இருந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். டாக்டர் அதைப் பற்றி எழுதாதவரை எந்தக் கோடும் போடாதீர்கள், லூபஸ் என்ற நோயெதிர்ப்புக் கோளாறு இருப்பவர்களுக்கும் அது பொய்யாக பாசிட்டிவ் காட்டும். 'பொய் பாசிட்டிவ்' என்று டாக்டரே எழுதிவிட்டால் ஆர்76.8.