நான்கு பேர் சேர்ந்து நான்கு லேசான மேசைப் பலகை: ஃபோம் நடுவில், ப்ளைவுட் இருபுறமும்

மடக்கு மேசை செய்கிற எல்லோரும் கடைசியில் மாட்டுவது பலகையின் கனத்தில்தான். நாலடிக்கு இரண்டடி, 19 மி.மீ. ப்ளைவுட் என்றால் ஒன்பது கிலோ தாண்டிவிடும், கால் வேறு சேர்ந்தால் அதைத் தூக்கிக்கொண்டு யாரும் மொட்டை மாடிக்குப் போக மாட்டார்கள். அதே அளவில் 4 மி.மீ. ப்ளைவுட் இரண்டு, நடுவில் 25 மி.மீ. ஃபோம், ஓரத்தில் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) என்று ஒட்டினால் ஆறு, ஆறரை கிலோவில் முடிகிறது. விறைப்பு குறையாது, கணக்குப்படி இரண்டு மடங்குக்கு மேல் கூடும். பலகை வளையும்போது மேல்தோல், அதாவது மேல் ப்ளைவுட், அமுங்கும், கீழ்த்தோல் இழுபடும். நடுவில் உள்ளது இரண்டையும் விலக்கிப் பிடித்து, நழுவாமல் வைத்தால் போதும். 1940 நவம்பரில் முதலில் பறந்த மாஸ்கிட்டோ போர் விமானத்தின் உடலும் இப்படித்தான், பிர்ச் ப்ளைவுட்டுக்கு நடுவே பால்சா என்ற லேசான மரம்.

தனியாகச் செய்யலாம், ஆனால் நாலு பேர் சேர்வதற்குச் சரியான காரணம் இருக்கிறது. எட்டுக்கு நாலு ப்ளைவுட்டை இரண்டே வெட்டில் நான்காக்கினால் நாலுக்கு இரண்டு துண்டு நான்கு கிடைக்கும், இரண்டு ஷீட் வாங்கினால் நான்கு மேசைக்கும் மேல்தோல், கீழ்த்தோல் இரண்டும் ஆச்சு. மேல் ரேகை துண்டின் நீளவாக்கில் ஓட வேண்டும், வழக்கமான ஷீட்டில் அது தானாகவே அப்படித்தான் வரும். ஃபோம் 1250-க்கு 600 மி.மீ. பலகையாக வருகிறது, ஓர ரீப்பரைக் கழித்தால் ஆளுக்கு ஒன்று, ஒட்டுப் போடவே வேண்டாம்.

ஃபோம் என்றால் டிவி பெட்டிக்குள் வருகிற வெள்ளைத் தெர்மாகோல் இல்லை. அது மணி மணியாக உதிரும், விரலால் அழுத்தினாலே பள்ளம் விழும். வேண்டியது எக்ஸ்.பி.எஸ்., மொட்டை மாடியில் வெயில் தாங்க ஓட்டுக்கு அடியில் போடுவார்களே, நீலத்திலோ பிங்க்கிலோ வரும் கெட்டிப் பலகை, அதுதான். கன மீட்டருக்கு 30 கிலோவுக்கு மேல் அடர்த்தி உள்ளதாகக் கேளுங்கள்.

பசையில்தான் நிறையப் பேர் கவிழ்கிறார்கள். வெள்ளைப் பசை, அதாவது நாம் எல்லோரும் ஃபெவிகால் என்றே சொல்வது, தண்ணீர் வெளியேறினால்தான் காயும். ஃபோம் தண்ணீரை விடாது, ப்ளைவுட் கொஞ்சம்தான் குடிக்கும், நடுப்பகுதி நாள் கணக்கில் ஈரமாகவே கிடக்கும். மைக்கா ஒட்டுகிற மஞ்சள் ரப்பர் பசை அதைவிட மோசம், அதிலிருக்கும் கரைப்பான் ஃபோமையே தின்றுவிடும். பாலியெஸ்டர் ரெசினும் அப்படியே. ரெசினையும் ஹார்ட்னரையும் கலந்து காயவைக்கிற எபாக்ஸி ஃபோமை ஒன்றும் செய்யாது, ஆகவே எபாக்ஸி. பாலியூரித்தேன் மரப் பசையும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் அது நுரைத்துப் பொங்குவதால் அழுத்தம் பலமாக இருக்க வேண்டும். மேசைக்கு 300 கிராம் எபாக்ஸி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டுவதற்கு முன்னால் எல்லோரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து காகிதத்தில் வரைய வேண்டும். இதைத் தாண்டிப் போகவே கூடாது. மூடிய பிறகு உள்ளே எதையும் சேர்க்க முடியாது, ஃபோமில் ஸ்க்ரூ நிற்காது. மடக்குக் கால் எங்கே வரும், கொக்கி எங்கே, தூக்கிப் பிடிக்கக் கைப்பிடி வேண்டுமா, எல்லாவற்றுக்கும் அங்கங்கே ஃபோமை வெட்டி எடுத்துவிட்டு மரத்துண்டு பதிக்க வேண்டும். கால் தகட்டைவிட ஒவ்வொரு பக்கமும் ஓர் அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். நால்வரும் ஒரே மாதிரிக் கால் வாங்கினால் ஒரே அட்டை மாதிரியை வெட்டி எல்லாப் பலகையிலும் கோடு போடலாம். ஒருவருக்கு மட்டும் வேறு கால் வேண்டுமென்றால் அன்றைக்கே சொல்லிவிடச் சொல்லுங்கள், மூடிய பிறகு வாட்ஸப்பில் சொல்லிப் பிரயோஜனமில்லை.

ரீப்பரும் பதிக்கிற துண்டும் ஃபோமின் கனத்துக்கே இழைக்கப்பட வேண்டும். ஃபோம் 25 என்று சொன்னாலும் முதலில் அளந்து பாருங்கள். ரீப்பர் ஒரு மில்லி தூக்கினால் தோல் ரீப்பரில் உட்கார்ந்துவிடும், ஃபோமைத் தொடாது, தட்டினால் டொக்கு டொக்கென்று வெற்றுச் சத்தம் வரும். ஒரு துளி குறைவாக இருந்தால் பரவாயில்லை, பசை நிரப்பிக்கொள்ளும். ஃபோமின் இரு முகத்தையும் 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து வழவழப்பை எடுங்கள், தூசியைத் துடையுங்கள். வெட்டக் கூர்மையான கட்டர் போதும். சூடான கம்பியால் வெட்டினால் புகை வரும், திறந்த வெளியில் மட்டும் செய்யுங்கள்.

அடுத்து அடித்தளம். எந்தத் தளத்தின் மேல் காய்கிறதோ அதன் கோணல் அப்படியே பலகையில் வந்து நிரந்தரமாக நின்றுவிடும். தரையிலோ மேசையிலோ ரசமட்டம் வைத்து நான்கு மூலையும், குறுக்கு மூலையும் பாருங்கள்.

ஒட்டும் நாளில் வேலையைப் பிரித்துவிடுங்கள். ஒருவர் தராசில் நிறுத்துக் கலப்பவர், அவர் மட்டுமே கலக்கட்டும், கண்ணளவுக்கு இடமே இல்லை. இரண்டு பேர் பூசுபவர்கள். நான்காமவர் கையில் பசை படாதவர்: நேரம் பார்க்க, பிளாஸ்டிக் ஷீட் விரிக்க, கதவைத் திறக்க, மற்றவர்கள் மூக்கைச் சொறிய. பசை தொடுகிற மூவருக்கும் கையுறை கட்டாயம், எபாக்ஸி தோலுக்கு ஒருமுறை ஒவ்வாமல் போனால் பிறகு வாழ்நாளுக்கும் ஒவ்வாது.

நம்மூர் வெயிலில் எபாக்ஸி ஓடும். டப்பாவில் 25 டிகிரிக்கு 40 நிமிடம் என்றிருந்தால் 35 டிகிரியில் பாதிதான் கிடைக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அதனால் மெதுவாகக் காயும் ஹார்ட்னர் கேட்டு வாங்கி, விடிகாலையில் தொடங்குங்கள். ஒவ்வொரு மேசைக்கும் தனித்தனியாகக் கலக்கி, கலந்ததும் அகலமான தட்டில் ஊற்றிவிடுங்கள். டம்ளரிலேயே விட்டால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும். பழைய ஏடிஎம் கார்டில் பல் வெட்டி, அதால் ப்ளைவுட்டில் கோடு கோடாக இழுத்துப் பூசுங்கள், ஃபோமில் மெல்லிசாக ஒரு வழிப்பு. கீழ்த்தோல், ரீப்பர், ஃபோம், மேல்தோல். இரண்டு தோலையும் ஒரே தடவையில் ஒட்டுங்கள், ஒரு பக்கம் ஒட்டி மறுபக்கத்தை நாளைக்கு என்று விட்டால் பலகை வளையும். ஈரப் பசையில் எல்லாம் வழுக்கும், அதனால் குறுக்கு மூலைகளில் இரண்டு சின்ன ஆணியை ரீப்பருக்குள் பாதி அடித்துவிடுங்கள், காய்ந்ததும் பிடுங்கலாம்.

கூட்டாகச் செய்வதன் பெரிய லாபம் இனிமேல்தான். நடுவில் பிளாஸ்டிக் ஷீட் போட்டு நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், மேலே வைக்கிற ஒரே பாரம் நான்கையும் அழுத்தும். உச்சியில் கனமான ப்ளைவுட், அதன்மேல் 20 லிட்டர் தண்ணீர் கேன் எட்டு, நாலுக்கு இரண்டாக நிற்கும், 160 கிலோ. ஓரத்தில் ரீப்பர் இருக்கும் இடத்தில் சி-கிளாம்ப். கோடையில் நான்கையும் ஒரே மூச்சில் முடிக்க முடியாது என்று தோன்றினால் இரண்டிரண்டாகச் செய்யுங்கள், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

ஏசி மெக்கானிக் யாராவது பழக்கமென்றால் அவருடைய வேக்யூம் பம்ப்பைக் கேட்டுப் பாருங்கள். கெட்டியான பாலித்தீன் உறைக்குள் பலகையை வைத்து ஓரத்தைப் பிசின் டேப்பால் அடைத்துக் காற்றை இழுத்தால், பாதி வெற்றிடத்திலேயே சதுர மீட்டருக்கு ஐந்து டன் அழுத்தம் வரும், தண்ணீர் கேன் பக்கத்தில்கூட வர முடியாது. ஆனால் ஓட்டை தேடியே உயிர் போகும். தட்டையான மேசைப் பலகைக்குக் கேன் போதும் என்பது என் கட்சி.

ஒரு நாள் முழுக்க அசைக்காதீர்கள். பிறகு நாணயத்தால் முகம் முழுதும் தட்டிக்கொண்டே போங்கள். சத்தம் மாறுகிற இடத்தில் ஒட்டவில்லை என்று அர்த்தம், 3 மி.மீ. துளை போட்டு ஊசியால் எபாக்ஸி செலுத்தி மறுபடி பாரம் வையுங்கள். கால் பூட்ட 25 மி.மீ. ஸ்க்ரூவுக்கு மேல் வேண்டாம், மொத்தக் கனமே 33-தான். அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரை நேராக இதன்மேல் வைக்காதீர்கள், எக்ஸ்.பி.எஸ். 75 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும், பிரிமனை ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.