கறை தெரியும் இடத்தில் பூசுவதுதான் முதல் தவறு

எங்கள் வீட்டுப் படுக்கையறைக் கூரையில், மின்விசிறிக்கு ஒரு முழம் தள்ளி, டீ சிந்திய மாதிரி ஒரு கறை. முதல் வருஷம் தீபாவளிக்கு அதன்மேல் பெயிண்ட் அடித்தோம். கார்த்திகையில் திரும்ப வந்துவிட்டது. அடுத்த வருஷம் சுரண்டி, பட்டி பார்த்து, மறுபடி அடித்தோம். இந்த முறை கறை இன்னும் அகலமாக வந்ததோடு, பட்டியும் அப்பளம்போல உப்பிக் கட்டிலில் விழுந்தது.

மூன்றாவது வருஷம் வந்த வயதான கொத்தனார் அறையை எட்டிப் பார்த்துவிட்டு நேராக மாடிக்குப் போனார். கறைக்கு நேர் மேலே தளம் நன்றாகத்தான் இருந்தது. பத்தடி தள்ளி, மழைநீர்க் குழாயின் வாய் தளத்தோடு சேரும் இடத்தில் கலவை விட்டுப்போயிருந்தது. விரலை விட்டுக் காட்டினார். அங்கே இறங்கிய தண்ணீர், மாடித் தளத்தில் பதித்த தட்டோட்டுக்கு அடியில் ஜல்லிக்குள்ளேயே ஓடி, கான்கிரீட்டில் வெடிப்பு கிடைத்த இடத்தில் கீழே எட்டிப் பார்த்திருக்கிறது. அரைநாள் வேலையில் முடிந்தது. அதற்குள் இரண்டு தடவை பெயிண்டுக்கு அழுதிருந்தோம்.

வீட்டுப் பராமரிப்பில் நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். வீடு ஒரு குறையைச் சொல்கிறது. நாம் அதன் வாயை அடைக்கிறோம்.

சுவரில் ஈரம் கண்டால் ஆளைக் கூப்பிடும் முன் அது எந்தத் தண்ணீர் என்று பாருங்கள். மழை பெய்தால் பெருத்து, வெயிலில் வற்றினால் அது மாடியிலிருந்தோ வெளிச்சுவர் விரிசலிலிருந்தோ வருவது. கோடையிலும் அப்படியே இருந்தால் குழாயையோ மேல்நிலைத் தொட்டியையோ சந்தேகப்படுங்கள். குளியலறைக்கு மறுபக்கச் சுவர் என்றால் குளியலறைத் தண்ணீர்தான், சந்தேகமே வேண்டாம். தரையிலிருந்து இரண்டு மூன்று அடிக்கு உப்புப் பூத்து, பூச்சு மாவாக உதிர்ந்தால் அது அஸ்திவாரத்து ஓதம், மண்ணிலிருந்து ஏறுவது. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே டப்பாவைத் தடவச் சொல்பவர் விற்க வந்தவர்.

ஃபிளஷ் டேங்க் கசிவுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. டேங்க்கில் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரைப் போட்டு, அரைமணி நேரம் யாரும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பீங்கானில் நிறம் இறங்கியிருந்தால் உள்ளே வாஷர் போய்விட்டது. "மோட்டார் அடிக்கடி போட வேண்டியிருக்கிறது" என்ற புலம்பல் பல வீடுகளில் இங்கேதான் முடியும்.

அப்புறம், பெயிண்ட் அடிக்க நாம் தேர்ந்தெடுக்கும் நேரம். தீபாவளிக்கு அடிக்கிறோம், இல்லையென்றால் பொங்கலுக்கு. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை. அதாவது ஒன்று மழை நடுவில், இல்லையென்றால் சுவர் மூன்று மாதம் நனைந்து முடித்த கையோடு. ஈரச் சுவரில் அடித்த பெயிண்ட் உள்ளிருக்கும் தண்ணீரைப் பூட்டி வைக்கும். அது பிறகு தோலை உரித்துக்கொண்டுதான் வெளியேறும். பண்டிகையை மாற்றச் சொல்லவில்லை. உள்சுவரை மட்டும் அப்போது அடித்துவிட்டு, வெளிச்சுவரையும் மாடியையும் சித்திரை, வைகாசிக்குத் தள்ளுங்கள். ஐப்பசி அடைமழையில் கூப்பிட்டால் நல்ல கொத்தனார் கிடைக்கவும் மாட்டார்.

மாடியில் ஒழுக்கைத் தடுக்க ரசாயனப் பூச்சு அடிக்கும்போது நடக்கும் கூத்து தனி. காலையில் கூட்டிவிட்டு, தூசியும் பாசியும் அப்படியே இருக்க, மதியத்துக்குள் இரண்டு கோட் முடிந்திருக்கும். அது தளத்தில் ஒட்டாது, தூசியில் ஒட்டும். பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, விரிசல்களை வெட்டி அகலமாக்கி அடைத்த பிறகே பூச்சு. கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் மூலையைக் கலவையால் வளைவாகப் பூசி, பூச்சைச் சுவரில் அரையடியாவது ஏற்ற வேண்டும். ஒழுக்கு அதிகம் பிறப்பது அந்த மூலையில்தான். சரி, அதற்கும் முன்னால் வாட்டம், அதாவது தண்ணீர் வடியத் தளத்துக்குக் கொடுக்கும் சரிவு, சரியா என்று பார்க்க வேண்டும். மழை விட்டதும் மாடிக்குப் போய், தேங்கி நிற்கும் தண்ணீரைச் சுற்றி ஒரு செங்கல் துண்டால் கோடு போட்டுவிட்டு வாருங்கள். கொத்தனாரிடம் அந்தக் கோட்டைக் காட்டினால் போதும்.

கைப்பிடிச்சுவர் வெடிப்பில் முளைக்கும் அரசங்கன்றைக் கிள்ளிப் போட்டுவிட்டு நிம்மதியாவதும் தவறு. தலையை வெட்ட வெட்ட வேர் உள்ளே தடித்துக்கொண்டே போகும். கன்று விரலளவு இருக்கும்போதே பூச்சைக் கொத்தி வேரோடு எடுங்கள்.

சன்ஷேடிலோ கூரையிலோ காரை விழுந்து கம்பி தெரிகிறதா? அதன்மேல் சிமென்ட் அப்புவது இருப்பதிலேயே மோசமான சிக்கனம். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் கேட்கும். அப்படி உப்பித்தான் கான்கிரீட்டைத் தள்ளிவிட்டது. துருவை உள்ளே வைத்துப் பூசினால் அடுத்த முறை இன்னும் பெரிய துண்டாக விழும், கீழே யார் நின்றாலும். கம்பிக்குப் பின்பக்கம் வரை கொத்தி, துருவைத் தேய்த்து, துரு தடுப்புப் பூச்சு கொடுத்து, அதற்கான கலவையால்தான் மூட வேண்டும். ஒரே அறையில் பல இடத்தில் கம்பி தெரிந்தால் கொத்தனாரோடு நிற்காமல் கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் காட்டுங்கள்.

மின்சாரத்திலும் இதே வாயடைப்பு நடக்கிறது. கீசரும் ஏசியும் சேர்ந்து ஓடும்போது எம்.சி.பி. (அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் தானே அணையும் சுவிட்ச்) விழுகிறது. எலக்ட்ரீசியன் 16 ஆம்பைக் கழற்றி 32 போட்டுவிட்டு, "இனிமே விழாது சார்" என்கிறார். உண்மைதான், விழாது. சுவருக்குள் இருக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர்தான் கொதிக்கும். எம்.சி.பி. காப்பது ஒயரை, ஒயரை மாற்றாமல் அதைப் பெரிதாக்கக் கூடாது. பெரிய சாதனங்களுக்குத் தனி லைன் இழுப்பதே வழி. ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி., அதாவது மின்கசிவு கண்டால் தானே அணையும் சுவிட்ச்; வீடுகளுக்கு 30 மில்லிஆம்ப் கசிவுக்கே விழும் வகை வேண்டும். அதில் 'T' (டெஸ்ட்) என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழவில்லை என்றால் மாற்றுங்கள். அந்தப் பொத்தானை ஒருமுறைகூடத் தொடாத வீடுகள்தான் நான் பார்த்தவற்றில் அதிகம்.

கடைசியாக, தொட்டிகள். செப்டிக் டேங்க் நிரம்பி வழியும் வரை காத்திருக்காமல் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லாரி வைத்து எடுத்துவிடுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் ஆளை உள்ளே இறக்காதீர்கள். விஷவாயு ஒரே மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் இறக்குவதை, மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றம் என்கிறது, வேலை கொடுத்த வீட்டுக்காரருக்கும் சேர்த்து. தரைக்கடியில் இருக்கும் குடிதண்ணீர்த் தொட்டி, சம்ப்தானே என்ற அலட்சியமும் வேண்டாம். நாள்பட மூடிக்கிடந்த சம்ப்பிலும் மூச்சு முட்டும். மூடியைத் திறந்து நன்றாகக் காற்றோட விட்டு, மேலே ஒருவரை நிறுத்திய பிறகே இறங்க வேண்டும். கழுவும்போது பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் சேர்த்துவிடாதீர்கள். இரண்டும் கலந்தால் வருவது குளோரின் வாயு; அது மேலே போகாமல் சம்ப்பின் அடியிலேயே, ஆள் நிற்கும் இடத்திலேயே தங்கும்.