யானைக்குத் தீனிக் கணக்கு: அதிகம் குடிக்கும் ஃபோர்வீல் டிரைவை நியாயப்படுத்துவது எப்படி

ஃபோர்வீல் டிரைவ் வைத்திருப்பவரைப் பார்த்ததும் எல்லோரும் கேட்பது "மைலேஜ் எவ்வளவு?" என்பதைத்தான். ஏழு, எட்டு என்று சொல்லும்போது குரல் தானாக இறங்கிவிடும். இறங்க வேண்டியதில்லை. ஆனால் கையில் ஒரு கணக்கு இருக்க வேண்டும், அதுவும் லிட்டரில் எழுதிய கணக்கு. விலை ஏறும், இறங்கும். லிட்டர் அப்படியே நிற்கும். அன்றைய விலையைக் கடைசியில் பெருக்கிக்கொள்ளலாம்.

முதலில் உண்மையான மைலேஜைக் கண்டுபிடியுங்கள்

டேஷ்போர்டில் மின்னும் எண்ணை நம்ப வேண்டாம். பல வண்டிகளில் அது கொஞ்சம் தாராளமாகவே காட்டும். டேங்கை நாசில் தானாக நிற்கும்வரை நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்குங்கள். முக்கால் டேங்க் தீர்ந்ததும் அதே பம்பில், வண்டியை அதே பக்கம் பார்த்து நிறுத்தி, மறுபடி தானாக நிற்கும்வரை நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இப்போது ஊற்றிய லிட்டரால் வகுக்க வேண்டும். ஒரு டேங்க் போதாது, மூன்று டேங்கின் சராசரியை எடுங்கள். தரைச் சரிவு, டேங்கில் அடைத்த காற்று, நாசில் நிற்கும் இடம் என்று ஒரே தடவையில் இரண்டு மூன்று லிட்டர் தவறிப் போகும்.

டயர் அளவை மாற்றியவர்கள் இன்னொரு திருத்தம் செய்ய வேண்டும். 265/70 ஆர்16 டயரின் விட்டம் சுமார் 777 மில்லிமீட்டர். அதைக் கழற்றி 285/75 ஆர்16 போட்டால் விட்டம் 834 ஆகும், அதாவது 7 சதவீதம் அதிகம். மீட்டர் 500 காட்டும்போது வண்டி உண்மையில் 536 கிலோமீட்டர் ஓடியிருக்கும். 65 லிட்டர் செலவாகியிருந்தால் மீட்டர் கணக்கில் மைலேஜ் 7.7, உண்மைக் கணக்கில் 8.2. "டயர் மாற்றியதும் மைலேஜ் படுத்துவிட்டது" என்ற புலம்பலில் ஒரு பங்கு இந்த மீட்டர் பிழைதான். எல்லாம் அல்ல, மீதிக்குக் கீழே வருவோம். வேகமானியும் அதே அளவு குறைத்துத்தான் காட்டும் என்பதை மறக்க வேண்டாம். ஜிபிஎஸ் வைத்து ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

எதோடு ஒப்பிடுகிறீர்கள்?

பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். ஆட்சேபிப்பவர் 18 கொடுக்கும் சின்னக் காரோடு ஒப்பிடுவார். உரிமையாளரோ தன்னுடையதைவிட மோசமான வண்டி ஒன்றைத் தேடிப் பிடித்துக் காட்டுவார். இரண்டுமே நேர்மையான ஒப்பீடு அல்ல. இந்த வண்டி இல்லாவிட்டால் உண்மையில் எதை வாங்கியிருப்பீர்கள் என்பதுதான் கேள்வி. ஏழு பேர் போக வேண்டும், டிரெய்லர் இழுக்க வேண்டும் என்றால் மாற்று வண்டியும் பெரியதாகத்தான் இருக்கும். அது 11 கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டினால், 8 கொடுக்கும் வண்டிக்கு 1,250 லிட்டர். 11 கொடுப்பதற்கு 909 லிட்டர். நீங்கள் நியாயப்படுத்த வேண்டியது 1,250 லிட்டரை அல்ல, இடையில் உள்ள 341 லிட்டரை மட்டும். அதே நேரம், தனியாக ஒருவர் அலுவலகம் போய்வரத்தான் வண்டி என்றால் மாற்று வண்டி சின்னக் கார்தான். அங்கே 11 என்று எழுதுவது தனக்குத் தானே பொய்க்கணக்கு எழுதுவது.

புகைக் கணக்கையும் இதே இடத்தில் முடித்துவிடலாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறும், டீசலுக்குச் சுமார் 2.7 கிலோ. இரண்டு வண்டியும் பெட்ரோல் என்றால் 341 லிட்டருக்கு ஏறக்குறைய 780 கிலோ. இதையும் தாளில் எழுதி வையுங்கள். கேட்பவருக்கு முன்னால் நீங்களே சொல்லிவிட்டால் பாதி விவாதம் முடிந்துவிடும்.

அந்தக் கூடுதல் லிட்டர் எதை வாங்கித் தருகிறது

டேஷ்போர்டு பெட்டியில் ஒரு சின்ன நோட்டு போட்டு வையுங்கள். ஆறு மாதம், ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரே வரி: தேதி, கிலோமீட்டர், டிரான்ஸ்ஃபர் லீவர் (இழுவை இரண்டு சக்கரத்துக்கா நான்குக்கா என்று மாற்றும் கைப்பிடி) எந்த நிலையில் இருந்தது, வேறு வண்டியில் போயிருக்க முடியுமா. லீவர் 2 எச் (இரண்டு சக்கரம் மட்டும்), 4 எச் (நான்கு சக்கரமும், வழக்கமான வேகத்தில்), 4 எல் (நான்கு சக்கரமும், மெதுவாக, அதிக இழுவையோடு) என்று மூன்றில் ஒன்று. கடைசிக் கேள்விக்கு அன்று இரவே பதில் எழுத வேண்டும். ஒரு வாரம் கழித்து எழுதினால் மேடு உயர்ந்துவிடும், சேறு ஆழமாகிவிடும்.

ஆறு மாதத்தில் நோட்டே பேசும். 4 எல் வரிகள் இருந்தால் வாதம் பலமானது. வழுக்கும் செங்குத்து, ஆற்றுக்கல், சுமையோடு இறங்கும் சரிவு ஆகியவற்றுக்கு வேறு மாற்று கிடையாது. 4 எச் வரிகள் மட்டும் என்றால் பரவாயில்லை. "பள்ளம் அதிகம், தரை தட்டவில்லை" என்றே பக்கம் பக்கமாக வந்தால் உங்களுக்குத் தேவைப்பட்டது உயரம் மட்டும்தான். முன் டிஃபரன்ஷியல் (திருப்பத்தில் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் கியர்), ஆக்ஸில், டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டி), முன் ஷாஃப்ட் எல்லாவற்றையும் சும்மா சுமந்து திரிகிறீர்கள்; அதே உயரமுள்ள இருசக்கர இயக்க வண்டி போதும்.

கூடுதல் லிட்டரை, வேறு வண்டி போக முடியாத நாட்களால் வகுத்துப் பாருங்கள். 341 லிட்டர், ஆண்டில் 40 நாள் என்றால் நாளுக்கு எட்டரை லிட்டர். யாரும் வாய் திறக்க முடியாது. ஐந்தே நாள் என்றால் நாளுக்கு 68 லிட்டர். அந்த ஐந்து நாளுக்கு வாடகை வண்டி எடுப்பதே லாபம். ஒரே விதிவிலக்கு, அந்த ஐந்தும் முன்கூட்டித் தெரியாத நாட்களாக இருந்தால். வெள்ளம், பனி, நள்ளிரவு மருத்துவத் தேவை போன்ற நேரத்தில் வாடகை வண்டி கிடைக்காது.

சில வாதங்களை எடுக்காமல் இருப்பதே நல்லது. நான்கு சக்கரமும் இழுப்பதால் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்பது தவறு. எல்லாக் கார்களுக்கும் நான்கு சக்கரத்திலும் பிரேக் உண்டு. ஈரச் சாலையில் கனமான வண்டி நிற்க உதவுவது டயர்தான், டிரான்ஸ்ஃபர் கேஸ் அல்ல. "விற்றால் நல்ல விலை போகும்" என்பதையும் எச்சரிக்கையாகச் சொல்லுங்கள். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்ற கணக்கு விற்ற பிறகுதான் மெய்யாகும்.

341-ஐக் குறைக்கும் வழி

குறைந்த மைலேஜ் வண்டியில் சின்ன முன்னேற்றமும் பெரிய சேமிப்பு. 10,000 கிலோமீட்டருக்கு, 7-லிருந்து 8.5-க்கு ஏற்றினால் சுமார் 250 லிட்டர் மிச்சம். சின்னக் காரை 18-லிருந்து 19.5-க்கு ஏற்றினால் வெறும் 43 லிட்டர். இரண்டிலும் முன்னேற்றம் அதே ஒன்றரை கிலோமீட்டர்தான். ஆகவே பராமரிப்பில் போடும் உழைப்பு இந்த வண்டியில்தான் பலன் தரும்.

டயரிலிருந்து தொடங்குங்கள். சேற்றுக்கான பெரிய கட்டை டயர் பார்க்க மிரட்டலாக இருக்கும். தார்ச் சாலையில் ஒவ்வொரு கட்டையும் வளைந்து நிமிர்வதில் எரிபொருள் சூடாக வீணாகும். பாதிக்கு மேல் தார்ச் சாலை ஓட்டம் என்றால் சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல் டெரைன் வகையே போதும். மணலுக்காக 15 முதல் 18 பிஎஸ்ஐ வரை காற்றை இறக்கியவர்கள் சாலை ஏறியதும், கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்குத் திரும்ப ஏற்ற வேண்டும். ஏற்றாமல் வேகமாகப் போனால் மைலேஜ் மட்டுமல்ல, டயரின் பக்கச் சுவர் சூடாகிப் பிளந்துவிடும். ஆகவே கையடக்க கம்ப்ரஸர் வண்டியிலேயே இருக்கட்டும்.

பெரிய டயர் போட்டால் கியர் விகிதமும் குலையும். 4.10 ஆக்ஸில் விகிதத்தில் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் 4.10 சுற்று சுற்றும்) 7 சதவீதம் பெரிய டயர் போட்டால் பலனளவில் அது 3.82 ஆகிவிடும். இன்ஜின் மூச்சு வாங்கும், டாப் கியர் நிற்காது, ஒரு கியர் குறைத்தே ஓட்ட நேரும். மைலேஜ் புலம்பலின் மீதிப் பங்கு இதுதான். ஆக்ஸிலின் கிரவுன் பினியனை (அந்த விகிதத்தைத் தரும் கியர் ஜோடி) 4.10-ஐவிடப் பெரிய எண்ணுள்ள விகிதத்துக்கு மாற்றலாம். ஆனால் பகுதிநேர ஃபோர்வீலில் (தேவைப்படும்போது மட்டும் லீவரால் நான்கு சக்கரத்துக்கு மாற்றும் வகை) முன்னும் பின்னும் ஒரே விகிதமாகச் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு 4 எச் போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் நொறுங்கிவிடும்.

அடுத்தது காற்று. 80-லிருந்து 100-க்கு வேகம் ஏறினால் காற்று எதிர்க்கும் விசை 56 சதவீதம் கூடும், சதுரமான முகப்பு கொண்ட வண்டியில் அது நேரே டேங்கைத் தொடும். மேலே காலியாக நிற்கும் கேரியரும் மழுங்கிய பெட்டியும் நெடுஞ்சாலையில் 10 சதவீதத்துக்கு மேல்கூடத் தின்னும். போல்ட் நான்கைந்துதான், பயணம் முடிந்ததும் கழற்றி வையுங்கள். ஜாக்கி, வின்ச், மண்வெட்டி, இரண்டாவது ஸ்டெப்னி என்று ஆண்டு முழுக்கச் சுமப்பதையும் இறக்கலாம். நகர ஓட்டத்தில் அந்தக் கனம் ஒவ்வொரு சிக்னலிலும் கணக்குக் கேட்கும்.

பகுதிநேர ஃபோர்வீலில் உலர்ந்த தார்ச் சாலையில் 4 எச் போட்டு ஓட்டவே கூடாது. திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் போகும். நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாததால் அந்த வித்தியாசம் எங்கும் கழியாமல் ஷாஃப்டிலும் கியரிலும் முறுக்காகச் சேரும். ஸ்டியரிங் இறுகும், டயர் கிறீச்சிடும், லீவர் 2 எச்-க்கு வர மறுக்கும். அப்படி மாட்டினால் லீவரை வலுக்கட்டாயமாக இழுக்காமல், நேராகச் சில மீட்டர் பின்னால் போங்கள், முறுக்கு அவிழும். நடு டிஃபரன்ஷியல் உள்ள முழுநேர ஃபோர்வீலுக்கு இந்தத் தொல்லை இல்லை, அதன் லாக்கைச் சாலையில் போடாதவரை.

முன் சக்கரத்தில் கையால் திருகும் ஹப் (சக்கரத்தை முன் ஆக்ஸிலோடு சேர்க்கவும் பிரிக்கவும் உதவும் பூட்டு) இருந்தால் சாலையில் ஃப்ரீ நிலையில் வையுங்கள். முன் ஆக்ஸிலும் ஷாஃப்டும் சும்மா சுழல்வது நிற்கும். மிச்சம் சிறிதுதான், தேய்மானம் குறைவதே பெரிய லாபம். மாதம் ஒருமுறை ஹப்பைப் பூட்டி 15 கிலோமீட்டர் ஓட்டாவிட்டால் முன் கியர்களில் எண்ணெய் ஏறாது, சீல் காயும், தேவைப்படும் நாளில் ஹப் திரும்பாது. இந்த மாதாந்திர ஓட்டத்தில் லீவர் 2 எச்-லேயே இருக்கட்டும்.

பழுதுகளில் மூன்று சத்தமில்லாமல் குடிக்கும். முதலாவது ஒட்டிக்கொண்ட பிரேக் காலிப்பர்: சேற்றில் ஓடிய வண்டிகளில் காலிப்பரின் சறுக்குப் பின்கள் துருவேறும். இருபது நிமிடம் ஓட்டியபின் ஒவ்வொரு ரிம்முக்கும் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அங்கேதான் கோளாறு. இரண்டாவது திறந்தபடியே நின்றுபோன தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வு). பெட்ரோல் இன்ஜின் எப்போதும் குளிராகவே இருப்பதாக நினைத்து எரிபொருளைக் கூட்டி ஊற்றும். டீசலிலும் குளிர்ந்த இன்ஜின் அதிகம் குடிக்கும். நெடுஞ்சாலையில் வெப்பமுள் நடுவுக்கு வராமல் தொங்கினால் இதைச் சந்தேகியுங்கள். மூன்றாவது இறுகிப்போன விசிறி கிளட்ச் (சூடேறும்போது மட்டும் விசிறியை இன்ஜினோடு சேர்ப்பது). சூடேறாத இன்ஜினிலும் ஆக்ஸிலரேட்டரோடு சேர்ந்து விசிறி ஓயாமல் இரைந்தால் அது இன்ஜினின் சக்தியை வீணாக இழுக்கிறது. அடைத்த ஏர் ஃபில்டரை எல்லோரும் முதலில் குறை சொல்வார்கள். பழைய கார்புரேட்டர் இன்ஜினில் அது சரி; இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் இன்ஜினில் அது இழுவையைத்தான் குறைக்கும், மைலேஜை அவ்வளவாகத் தொடாது.

தூரத்தைப் பிரிப்பது

மேலே சொன்ன எல்லாவற்றையும்விடப் பெரிய சேமிப்பு, இந்த வண்டியைத் தேவையில்லாத வேலைக்கு எடுக்காமல் இருப்பது. ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டரும் 8 கொடுக்கும் வண்டியிலேயே ஓடினால் 1,875 லிட்டர். அதில் 10,000-ஐ 16 கொடுக்கும் சின்னக் காருக்கு மாற்றினால் மொத்தம் 1,250. மிச்சம் 625 லிட்டர். இரண்டாவது வண்டியின் காப்பீடு, சர்வீஸ், நிறுத்த இடம் எல்லாம் இந்த 625-க்குள் அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பலருக்கு அடங்காது, வீட்டில் ஏற்கெனவே ஒரு கார் இருப்பவர்களுக்கு அடங்கும்.

நிறுத்தி வைப்பதிலும் வினை உண்டு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, இன்ஜின் முழுதாகச் சூடேறும்வரை 20 கிலோமீட்டராவது ஓட்டுங்கள். ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் உறுமவிட்டு அணைப்பது ஓட்டாமல் விடுவதைவிடக் கெடுதல்: ஆயிலில் ஈரம் சேரும், பேட்டரியும் ஏறாது. புகை வடிகட்டியுள்ள டீசல் வண்டி குட்டிக் குட்டிப் பயணம் மட்டுமே போனால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், அதற்கு நெடுஞ்சாலையில் அரைமணி நேரச் சீரான ஓட்டம் தேவை. சக்கரத்தின் நடு உயரத்துக்குத் தண்ணீரில் இறங்கியிருந்தால் இரண்டு டிஃபரன்ஷியல், டிரான்ஸ்ஃபர் கேஸ், கியர்பாக்ஸ் நான்கிலும் ஆயிலைப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, உடனே மாற்ற வேண்டும். இந்த ஆயில் செலவையும் அகலமான டயர் செலவையும் லிட்டராக மாற்றி அந்த 341-ஓடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கை ஆண்டுக்கு ஒருமுறை, காப்பீடு புதுப்பிப்பதற்கு முந்தைய மாதம் மறுபடி போடுங்கள். ஐந்து டயரும் ஒன்றாகத் தேய்ந்து நிற்கும் ஆண்டில் அதற்கும் முன்பே போடுவது நல்லது. விற்பதென்று முடிவானால் புது டயர் வாங்கும் முன்பு விற்க வேண்டும். பரணில் கிடக்கும் பழைய ரிம்மையும் கம்பெனி பம்பரையும் திரும்ப மாட்டிவிட்டால் வாங்க வருபவர் பேரம் பேச ஒரு காரணம் குறையும்.